காவடிக்குள் கொம்பேறி மூக்கன்

பாம்பு பிடிக்கப் போகிற இடத்தில் பூட்ஸைக் கழற்றக் கூடாது. எங்கள் வனவிலங்கு மீட்புக் குழுவில் சேர்ந்த முதல் நாளே சொல்லித் தருவது இது. ஆறு வருடமாக நான் மீறியதில்லை. சிங்கப்பூர் பிடோக்கில் ஒரு திங்கட்கிழமை மாலை மீறினேன், அதன் பலனை அன்றைக்கே அனுபவித்தேன்.

மறுநாள் தைப்பூசம். இரண்டாவது மாடி வீடு, வாசலில் மாவிலைத் தோரணம், உள்ளே சாம்பிராணி வாசம். கதவைத் திறந்த சுசீலா அக்கா முதலில் என் கால்களைத்தான் பார்த்தார். விரத வீடு என்று சொல்ல அவருக்குக் கூச்சம். அவர் வாயைத் திறக்கும் முன்பே பூட்ஸைக் கழற்றி வெளியே வைத்துவிட்டேன். காபி போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

கூடத்தின் நடுவே காவடி நின்றது. ஆளுயர அலுமினியச் சட்டம், உச்சியில் விரிந்த மயிற்பீலி. அதற்குப் பக்கத்தில் அக்காவின் கணவர் இளமாறன், பஸ் ஓட்டுகிறவர், துடைப்பத்தோடு காவல் நின்றார். ஜன்னலோர மரத்திலிருந்து பாம்பு தாவி வந்து பீலிக்குள் நுழைந்ததைக் கண்ணால் பார்த்தாராம். விரல் பருமன், வெண்கல நிறம், பெரிய கண்கள்.

"கொம்பேறி மூக்கன்தாண்ணே. விஷம் கிடையாது" என்றேன்.

பெயரைச் சொல்லியிருக்கக் கூடாது. அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. கடித்தபின் மரமேறி உட்கார்ந்து, கடிபட்டவரை எரிக்கிற புகையைப் பார்த்த பிறகுதான் அது இறங்கும் என்று சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறார்.

"மண்டாய் சுடுகாடு வரைக்கும் போய்ப் பாக்க அதுகிட்ட பஸ் கார்டு இல்ல லா, அக்கா."

இளமாறன் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அவருடைய கவலை கடியைப் பற்றியது மட்டுமல்ல. போன வருடம் அக்காவுக்குப் பக்கவாதம் வந்து, வலது கை ஆறு மாதம் ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்கவில்லை. கை திரும்பினால் காவடி எடுக்கிறேன் என்று இளமாறன் வேண்டிக்கொண்டார். முழுதாக இல்லாவிட்டாலும் கை திரும்பிவிட்டது. நாற்பத்தெட்டு நாள் விரதமும் முடியப்போகிறது. ஏழரைக்கு லாரி வந்து காவடியை சிராங்கூன் ரோட்டுக் கோயிலுக்கு ஏற்றிப் போகும். அதற்குள் பாம்பு வெளியேற வேண்டும், அதுவும் உயிரோடு.

இன்னொரு சிக்கலும் இருந்தது. விரதம் இல்லாத கை காவடியில் படக் கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். அதாவது பாம்பு பிடிக்கத் தெரிந்தவள் காவடியைத் தொடக் கூடாது. தொடலாம் என்கிறவருக்கோ பாம்பென்றாலே நடுக்கம். நல்ல கூட்டணி! நானும் அன்று நோன்புதான், திங்கட்கிழமைகளில் வைப்பேன். சொல்ல வாய் வரை வந்தது. அவர்கள் விரதம் வேறு, என் நோன்பு வேறு, அடுத்த வீட்டு வழக்கத்தில் நான் ஏன் தலையிட வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

அக்கா வாசல் கதவைச் சாத்தினார். நானும் இளமாறனும் மற்ற அறைகளைப் பூட்டி, கதவிடுக்குகளில் துண்டுகளைத் திணித்தோம். பிறகு அவர் போல்ட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தார். நான் கொக்கியும் துணிப்பையுமாகப் பக்கத்தில் நின்றேன். ஒவ்வொரு பீலிக்கட்டு கீழே வரும்போதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு மணி நேரத்தில் காவடி நாற்பது துண்டுகளாகப் பாயில் கிடந்தது. பாம்பு இல்லை.

விரதத்தில் கோபப்படக் கூடாதாம். அவர் படவில்லை. தரையைப் பார்த்து உட்கார்ந்தார்.

"விடும்மா. முருகனுக்கே வேணாம் போல."

கீழே போய் மரத்தில் தேடலாம் என்று பூட்ஸைத் தேடினேன். வெளியே காணோம். சாரல் அடிக்கிறதே என்று அக்கா வாசல் கதவைச் சாத்தும்போதே அதை உள்ளே எடுத்துவந்து செருப்பு அலமாரிக்குப் பின்னால் வைத்திருந்தார். காலை விடப் போனேன். இடது பூட்ஸுக்குள்ளிருந்து இரண்டு பெரிய கண்கள் என்னைப் பார்த்தன.

நாங்கள் அறைகளைப் பூட்டிக்கொண்டிருந்தபோதே அது இறங்கி வந்திருக்க வேண்டும். பூட்ஸின் வாயில் பையைக் கட்டிக் கவிழ்த்தேன். சொகுசாக வழுக்கி உள்ளே போனது. அரை நிமிட வேலை. முதலில் வீடு முழுக்கத் தேடியிருந்தால் தீர்ந்தது. நானோ ஒரு மனிதரின் வேண்டுதலைத் திருகு திருகாகக் கழற்ற வைத்திருக்கிறேன். செவிட்டில் யாராவது அறைந்தால் தேவலை என்று இருந்தது.

மணி ஆறேகால். சட்டத்தை ஒருவர் தாங்க, ஒருவர் முடுக்க வேண்டும். முன்பு காவடி கட்ட உதவிய நண்பர் ஊரின் மறுகோடியில், துவாஸில் வேலையில் இருந்தார். வர பத்து மணியாகும். அக்காவின் கைக்கு அவ்வளவு பலம் இல்லை. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அக்கா என்னையே பார்த்தார். "காபி வேணாம்னீங்க. மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் சாப்பிடலக்கா. இன்னிக்கு நோன்பு."

"தண்ணிகூடவா?"

"தண்ணியும் இல்ல."

அவர் கணவரைக் கேட்கவில்லை. குனிந்து ஸ்பானரை எடுத்து என்னிடம் நீட்டினார். "அப்புறம் என்ன? முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல, பிடிங்க."

அதன்பிறகு பேச நேரமில்லை. இளமாறன் துண்டைக் காட்ட, நான் தாங்க, அவர் முடுக்க, சில நேரம் நான் முடுக்க, காவடி மெல்ல எழுந்தது. கதவில் தொங்கிய பையை மட்டும் அவர் அடிக்கடி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார். எனக்கு மனசு லேசாகிவிட்டது, பசிகூட மறந்துவிட்டது. உச்சிப் பீலியை நான் தூக்கிப் பிடிக்க, அவர் கடைசி நட்டை முடுக்கும்போது என் போனில் நோன்பு திறக்கும் மஃரிப் பாங்கு ஒலித்தது.

அக்கா சமையலறையிலிருந்து வந்தார். இடது கையில் ஒரு வாழைப்பழம். வலது கையில் விளிம்பு வரை பால் நிறைந்த டம்ளர். கை நடுங்கியது. இளமாறன் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கையைப் பார்த்தார். ஓடிப்போய் வாங்கிவிடலாம் என்று தோன்றியது, ஆனால் நான் நகரவில்லை. அக்கா கூடம் முழுக்க நடந்து வந்து டம்ளரை என் கையில் கொடுத்தார். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

கீழே லாரிக்காரர் ஹாரன் அடித்தார். நான் குடித்து முடிக்கும்வரை அந்த வீட்டில் யாரும் அசையவில்லை.