ஏழாவது பலூன்

ஏழாவது பலூன் வெடித்த செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, அதைப் பழுதுபார்க்க வேண்டியவள் தரையிலிருந்து எழும்பிப் போய் அதன் இடத்தில் நின்றுகொண்டாள். வெள்ளத்தில் செல்பேசிக் கோபுரங்கள் சாய்ந்த பிறகு, ஊரின் பேச்செல்லாம் கயிற்றில் கட்டிப் பறக்கவிட்ட ஏழு பலூன்களை நம்பித்தான் இருந்தது. பலூனிலிருந்து விழுந்த, அழைப்புகளைக் கடத்தும் கருவிப்பெட்டியை அவள் ஓடிப்போய் மார்போடு பிடித்தாள். பெட்டிக்குள் யாரோ ஆம்புலன்ஸுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பேச்சு அறுந்துவிடக் கூடாதே என்று நினைத்தாள், அவ்வளவுதான், கால் தரையில் இல்லை. கயிறு தானாகவே அவள் இடுப்பைச் சுற்றிக்கொண்டது.

கீழே நிலைய அதிகாரி திரையைப் பார்த்தார். ஏழு புள்ளிகளும் பச்சையாக இருந்தன. "சிக்னல் முன்னைவிட நல்லாவே இருக்கும்மா. புது பலூன் வர்ற வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றார்.

புது பலூன் வர வேண்டுமானால் தடங்கல் படிவம் போக வேண்டும். தடங்கல் என்றால் ஓர் அழைப்பாவது பாதியில் அறுந்திருக்க வேண்டும். அவள் மேலே இருக்கும்வரை எதுவும் அறுபடவில்லை. அதிகாரி நேர்மையானவர், பொய் எழுத அவருக்குக் கை வராது. திங்கட்கிழமைதோறும் "தடங்கல் இல்லை" என்று அழகான கையெழுத்தில் எழுதி, அவளுடைய வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார். சும்மா இருந்து பழக்கமில்லாத அவளோ, முதல் வாரத்திலேயே ஒரு வேலை செய்திருந்தாள். ஒரு பலூன் கைவிடும் அழைப்பைப் பக்கத்துப் பலூன் பிடித்துக்கொள்ளும்படி எல்லாவற்றையும் இணைத்துவிட்டாள். ஒன்றிரண்டு அழைப்பைத்தான் அப்படிப் பிடிக்கலாம், ஊர் முழுவதையும் அல்ல. பிறகு அதை மறந்தும் போனாள்.

ஒன்பது ஆண்டுகள் ஓடின. அவளுக்குச் சாப்பாடு வைத்த தூக்குவாளி கப்பியில் ஏறி இறங்கியது. விமானங்கள் மோதாமலிருக்கச் சிவப்புச் சட்டை கொடுத்தார்கள். எட்டு வயதில் அண்ணாந்து பார்த்து அழுத மகள், பிறகு அதே கயிற்றில் பள்ளிச் சீருடையைக் காயப்போடக் கற்றுக்கொண்டாள். ஊர்ப் பேச்செல்லாம் தாயின் நெஞ்சுக்குள் ஓடியது. மூச்சைப் பிடித்தால் ஓர் அழைப்பை மட்டும் கைவிடலாம் என்று அவளுக்குத் தெரியும். சிமெண்ட் விலை கேட்பவனைக் கைவிடலாம் என்று மூச்சைப் பிடிப்பாள். அவன் கைம்பெண்ணான அக்காவுக்கு வீடு கட்டுகிறான் என்று அதற்குள் காதில் விழும். பொல்லாத காது. எத்தனையோ முறை ஆத்திரத்தில் அழுதிருக்கிறாள். நாலு திசையும் திறந்து கிடக்க, அவளுக்கு மட்டும் ஓரடி நகர வழியில்லை.

பதினேழு வயதில் மகள் நிலையத்து விதிப்புத்தகத்தை எழுத்து விடாமல் படித்தாள். மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு முற்றத்தில் நின்று தாயைச் செல்பேசியில் அழைத்தாள்.

"அம்மா, ஊராரோடத அறுக்க உனக்கு மனசு வரல. என்னோடத அறு. ஒண்ணு போதும், படிவம் போயிடும், நீ இறங்கிடலாம்."

"ஒன்னோடதையா? அதுக்குத்தாண்டி நாள் முழுக்கக் காத்துக்கிட்டு இருக்கேன்."

"அறும்மா. நேர்ல பேசிக்கலாம்."

அவள் கண்ணை மூடி மூச்சைப் பிடித்தாள். ஒன்பது ஆண்டுகளில் முதன்முறையாக ஓர் அழைப்பைக் கைவிட்டாள். ஒரு நொடி நெஞ்சு காலியாக இருந்தது.

"அம்மா? இன்னும் அறுக்கலயா? உன் மூச்சு கேக்குதே."

குரல் கொஞ்சம் மெலிந்து, ஆறாவது பலூன் வழியாக வந்துகொண்டிருந்தது. அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது.

"அறுத்துட்டேன்டி. பக்கத்துப் பலூன் பிடிச்சுக்கிச்சு. நான்தான் அப்படிப் பண்ணி வச்சேன்."

திரையில் ஏழு புள்ளிகளும் பச்சையாகவே இருந்தன. மகள் வெகுநேரம் அழுதாள், ஒரு விம்மல்கூட விட்டுப்போகாமல் மேலே கேட்டது. திங்கட்கிழமை அதிகாரி வழக்கம்போல எழுதினார். அடுத்த மாதம் மகள் அதே நிலையத்தில் கயிறு பார்க்கும் வேலையில் சேர்ந்தாள். முதல் நாளே மேலிருந்து அழைப்பு வந்தது.

"மேற்கே மழை இறங்கிடுச்சு. துணியை எடுத்துடு."

மகள் போய் எடுத்தாள்.