சத்து மாத்திரை

மருந்து அலமாரியைக் கவிழ்த்துக் கொட்டிக்கொண்டிருந்தாள் அத்தை. அப்பாவின் உடல் ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. அதற்குள் அவளுக்கு யாரையாவது கூண்டில் ஏற்றியாக வேண்டும். கைக்கு வாகாக இருந்தவள் அம்மா.

"என் அண்ணனைப் பட்டினி போட்டே கொன்னுட்ட," என்றாள். நேற்றுவரை நீங்க, வாங்க என்று பேசியவள்.

அப்பாவின் ஈரலில் இருபது வருடமாக வைரஸ் இருந்ததும், சர்க்கரை ஏறியதில் அதற்கும் பங்கு உண்டு என்று டாக்டர் சொன்னதும் அத்தை காதில் ஏறவில்லை. சோற்றை அளந்து போட்டவள் அம்மா. ஆகவே கொன்றவளும் அம்மாதான்.

அந்த வீட்டு மகள் சுவரோரம் நின்றிருந்தாள். பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை என்பதால் வீட்டில் அவளுக்கு 'ஊசி' என்றே பெயர். மூன்று வருடத்துக்கு முன் அப்பா சோர்ந்து சோர்ந்து உட்கார்ந்தபோது, ரத்தம் குறைவாயிருக்கும் என்று இரும்புச் சத்து மாத்திரை வாங்கி, வெறுமனே 'சத்து மாத்திரை' என்று சொல்லிக் கொடுத்தவள் அவள். ஊரார் ரத்தத்தையெல்லாம் சோதிக்கிறவள், அப்பாவுடையதைச் சோதிக்கவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து, ஈரலில் இரும்பு அளவுக்கு மீறிச் சேர்ந்திருக்கிறது என்றார் டாக்டர். அப்பா வேலை பார்த்த லேத் பட்டறையின் இரும்புத் தூசிதான் உள்ளே போயிருக்கிறது என்று வீடே முடிவு கட்டியது. அப்பா பட்டறையை விட்டார். அதன்பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து சும்மா கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊசிக்கு விஷயம் புரிந்துவிட்டது. மாத்திரையை நிறுத்தினாள், வாயைத் திறக்கவில்லை. பயம், வேறென்ன.

அலமாரியின் மூலையிலிருந்து ஒரு பழைய மாத்திரை அட்டை அத்தையிடம் அகப்பட்டது. எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"இரும்பு ஏறிப்போச்சுன்னு டாக்டர் தலையில அடிச்சுக்கிட்டாரே. இதை யாரு குடுத்தது?"

ஊசி பேச வாயெடுத்தாள். அம்மா முந்திக்கொண்டாள்.

"நான்தான்."

அத்தை அம்மாவின் பிறந்த வீடு வரை இழுத்துப் பேசித் தீர்த்தாள். கடைசியில் குரலைத் தணித்து, "என் அண்ணன் பக்கத்துல நீ வரக் கூடாது," என்றாள். பிறகு அட்டையோடு வெளியே போனாள், தெருவுக்கும் சொல்ல.

ஊசி சமையலறைக்கு ஓடினாள். எதற்கு இப்படிச் சொன்னாய் என்று அழுதாள். அம்மா திரும்பவே இல்லை.

"பாசத்துல சொன்னேன்னு நினைச்சுக்காத. இந்த இரும்பு எங்கேர்ந்து வந்துச்சுன்னு அவரு உன்கிட்டதானே கேட்டுக்கிட்டே இருந்தாரு. அவருகிட்ட சொல்லாததை இவகிட்ட சொல்லிட்டு, நீ நிம்மதியா இருக்கப் போறியா?"

வாசலில் வண்டி வந்து நின்றது. நாலு பேர் அப்பாவைத் தூக்கி வந்து கூடத்தில் கிடத்தினார்கள். தலைமாட்டில் அம்மாவுக்கென்று ஒரு நாற்காலி போட்டார்கள். அம்மா சமையலறை நிலைப்படியைத் தாண்டி வரவில்லை.

அத்தை ஊசியைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நீ வாம்மா. உங்கப்பனுக்கு நீ ஒருத்திதான் உண்மையா இருந்தே," என்று கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

ஊசி அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.