கழிவு என்று எழுதியவன்

கொழும்பிலிருந்து றஷீனா மிஸ் வருகிறார் என்றதும் ஹோட்டலை இரண்டு நாளாகக் கழுவித் துடைத்தார்கள். சுற்றுச்சூழல் சான்றிதழைப் புதுப்பிக்க வரும் பரிசோதகர் அவர். சான்றிதழ் போனால் ஐரோப்பாவிலிருந்து ஆள் அனுப்பும் பயண முகவர்களும் போய்விடுவார்கள். முதலாளி ராமநாதன் பதுளைக் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் காலையிலேயே வந்து இறங்கியிருந்தார்.

கஜேந்திரன் கோப்புகளோடு நின்றான். பெரகலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துப் பழைய துரை பங்களாவை ஹோட்டலாக்கிய நாளிலிருந்து மின்சாரம், டீசல், கரியமில வாயுக் கணக்கு எல்லாம் அவன் பொறுப்பு. கீழே தெரிகிற தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, பட்டம் படித்து, மேலே வேலைக்கு வந்தவன். மனைவி மதுஷா இறந்து எட்டு மாதம். இன்னும் அழுகை வரவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் டீசல் கொதிகலனை மாற்றச் சொன்னவன் அவன்தான். தேயிலையைக் கவ்வாத்து வெட்டினால் மலையெங்கும் மிலாறு கிடக்கும். வெட்டிப் போட்ட அந்தக் கிளைகளை எரித்தே சுற்றுலாப் பயணிகளுக்குச் சுடுநீர் கொடுக்கலாம் என்றான். சான்றிதழ்ப் படிவத்தில் எரிபொருளின் வகை கேட்டிருந்தது. 'கழிவு' என்று எழுதினான். இதற்கு முன் வேறு யாராவது இதைப் பயன்படுத்தினார்களா என்று அடுத்த கேள்வி. 'இல்லை' என்று எழுதினான். டீசல் நின்றது. புகைக் கணக்கு பாதியானது. படித்த பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று ராமநாதன் எல்லோரிடமும் சொன்னார்.

லயத்தில் மிலாறைக் கழிவு என்று எவரும் சொன்னதில்லை. கவ்வாத்து முடிந்த மலையிலிருந்து பெண்கள் அடுப்பெரிக்க ஆளுக்கொரு கட்டாகச் சுமந்து வருவார்கள். அவன் அம்மாவும் சுமந்தவள்தான். ஹோட்டல் ஒப்பந்தம் வந்ததும் லொறி வந்து ஒட்ட அள்ளிப் போனது. காவல்காரன் பெண்களை விரட்டினான். மதுஷாவின் அக்கா விஜயலெட்சுமி ஒருநாள் வழிமறித்துக் கேட்டாள்.

"ஏன் தம்பி, வெள்ளக்காரன் குளிச்சா புகை வராதாமே? நாங்க கொளுத்தினாத்தான் புகையாமே?"

கூட நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்து வைத்தான். மதுஷா சிரிக்கவில்லை.

சமையலுக்கு வீட்டில் காஸ் இருந்தது. குளிக்கத் தண்ணீர் காய வைக்க யார் காஸை எரிப்பார்கள்? அந்தக் குளிரில் வேலைக்குப் போகிற புருஷனுக்குச் சுடுதண்ணீர் வேண்டுமே என்று அவள் மேற்காட்டுக்கு விறகு பொறுக்கப் போனாள். மழையில் ஊறிய பாறை. தலையில் விறகுக் கட்டோடு சறுக்கி விழுந்தாள். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது. அவனை யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

றஷீனா மிஸ் கொதிகலனைப் பார்த்தார், மிலாறுக் குவியலைப் பார்த்தார், அறைக்கு வந்து படிவத்தைப் புரட்டினார். பழைய பதில்களில் மாற்றம் உண்டா என்று கேட்டார். ஒன்றுமில்லை, எல்லாம் அப்படியேதான் என்று ராமநாதன் முந்திக்கொண்டார். கையெழுத்துப் போட்டவரே சொல்லட்டும் என்றார் மிஸ்.

மாற்றம் இல்லை என்றால் சான்றிதழ் நீளும் மூன்று வருஷமும் லொறி வரும், பெண்கள் பாறை ஏறுவார்கள். உண்டு என்றால் சான்றிதழ் போகும், கூடவே அவன் வேலையும்.

"மாத்தணும் மிஸ். லயத்து ஆளுங்க அதைத்தான் எரிச்சாங்க. இப்ப காட்டுக்குப் போறாங்க."

ராமநாதன் கோபப்படவில்லை. பெண்சாதியைப் பறிகொடுத்த பிள்ளை, மனசு சரியில்லாமல் பேசுகிறான் என்று மிஸ்ஸிடம் தணிவாகச் சொன்னார். கஜேந்திரனுக்கு அந்தத் தணிவுதான் சுட்டது.

மிஸ் படிவத்தை அவன் பக்கம் தள்ளினார். திருத்தத்தை அவன் கையாலேயே எழுத வேண்டும், முன்பு தவறாக எழுதியதற்குக் காரணமும் போட வேண்டும் என்றார். பிறகு குரலை இறக்கினார்.

"தெரியாம எழுதிட்டேன்னு போடுங்க. உங்களுக்கு ஒரு பிரச்சினையும் வராது."

அவன் 'இல்லை'யை வெட்டி 'ஆமாம்' என்று எழுதினான். 'கழிவு' என்பதை வெட்டி 'லயத்து விறகு' என்று எழுதினான். காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. ராமநாதன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தெரிஞ்சுதான் எழுதினேன் மிஸ்," என்றான். அதையே கட்டத்திலும் எழுதிக் கையெழுத்துப் போட்டான்.