இடது கை எப்படி முறிந்தது

"பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டேன்னு சொல்லு. போதும்" என்று சொல்லி, பிரம்மி மகளின் மாவுக்கட்டைப் புடவைத் தலைப்பால் மூடிவிட்டாள்.

நீலாஞ்சனா தலையாட்டினாள். தெலங்கானாவில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில், தரைக்கு அடியில் இறங்கி ஷிஃப்ட் பார்க்கும் அதிகாரி அவள். மாப்பிள்ளை வீட்டில் சொல்லியிருந்ததோ, ஆபீஸ் வேலை என்று.

ஆரணியிலிருந்து நாலு மணிக்கே பெண் பார்க்க வந்திருக்க வேண்டியவர்கள். அமாவாசை என்பதால் மலையனூர் கோயிலுக்குப் போகும் பஸ்களுக்கு நடுவே வளத்தியில் மாட்டிக்கொண்டு, வெயில் ராஜகிரி மலைப் பக்கம் சாய்ந்த பிறகுதான் வந்து சேர்ந்தார்கள். பேங்கில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை அஜிதனும் அவன் அம்மா ஜெயமாலாவும் மட்டும்தான். இரண்டுமே சமணக் குடும்பங்கள்; பொழுது சாய்ந்தால் வாயில் எதுவும் வைக்க மாட்டார்கள். பிரம்மி அவசர அவசரமாக வாழைக்காய் பஜ்ஜியைக் கொண்டுவந்து டீப்பாயில் வைத்தாள்.

"கையில இன்னாம்மா?" என்றாள் ஜெயமாலா.

"பாத்ரூம்ல..." என்று ஆரம்பித்த நீலாஞ்சனாவுக்கு மேற்கொண்டு வரவில்லை. "கூரை வுழுந்துடுச்சு."

"ஆபீஸ் கூரையா?"

"இல்லீங்க. சுரங்கத்துல. நான் அடியிலதான் வேலை பாக்கறேன்."

பிரம்மி கண்ணை மூடிக்கொண்டாள். அஜிதன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "எப்படி வுழுந்துச்சு?"

அதை இதுவரை அவளிடம் யாரும் கேட்டதில்லை. நைனா தர்மதாஸ்கூட, வேலையை விட்டுவிடு என்றுதான் சொன்னாரே தவிர, என்ன நடந்தது என்று கேட்கவில்லை.

"தலைக்கு மேல இருக்கற பாறைதான் எங்களுக்குக் கூரை. கோலால தட்டிப் பாப்போம். நல்லாயிருந்தா கணீர்னு கேக்கும். அன்னிக்கு டொம்முனு கேட்டுச்சு. எல்லாரையும் ஓடச் சொன்னேன். ஓடுனாங்க. கொமுரய்யான்னு ஒருத்தரு காலு மட்டும் கல்லுக்கு அடியில மாட்டிக்கிச்சு."

"ஐயோ, அப்புறம்?" ஜெயமாலா எடுத்த பஜ்ஜியைத் தட்டிலேயே திரும்ப வைத்தாள்.

"நானும் இன்னும் ரெண்டு பேரும் திரும்பிப் போனோம். ஒரே தூசி, தலையில கட்டியிருக்கற லைட்டு வெளிச்சம் கைக்கெட்டற தூரத்துக்குக்கூட இல்ல. மேலருந்து பொடிப்பொடியா கொட்டுது. அப்படிக் கொட்டுனா அடுத்தது வரப்போவுதுன்னு அர்த்தம். மொதல்ல ஒரு மரத்தூண நட்டு முட்டுக் குடுத்தோம். அப்புறம்தான் கடப்பாரை."

உட்கார்ந்தபடி சொல்ல முடியவில்லை. எழுந்துவிட்டாள். தலைப்பு நழுவி மாவுக்கட்டு முழுசாக வெளியே தெரிந்தது. "இந்த டீப்பாய்தான் அந்தக் கல்லுன்னு வச்சுக்குங்க. ஒரு பக்கம் தூக்குங்க."

அஜிதன் உடனே குனிந்து தூக்கினான். சரிந்த பஜ்ஜித் தட்டை தர்மதாஸ் பாய்ந்து பிடித்தார்.

"இன்னும் கொஞ்சம். காலு வெளிய வரல. தூணு கிறீச்சு கிறீச்சுனு கத்துது. கொமுரய்யா, நீங்க போயிடுங்கம்மான்னு அழுவறாரு. நெம்புறோம். சட்டுனு காலு வந்துடுச்சு. அவர இழுத்துக்கினு நாலு எட்டு வச்சிருப்போம், தூணு ஒடிஞ்சு மொத்தமும் எறங்கிடுச்சு. ஒரு துண்டு தெறிச்சு என் கையில பட்டுச்சு."

அஜிதன் டீப்பாயைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றான். "அவரு?"

"கால்ல ரெண்டு வெரலு போயிடுச்சு. கோலூணி நடக்கறாரு."

ஜெயமாலா பெருமூச்சு விட்டாள். அப்போதுதான் ஜன்னலைப் பார்த்தாள். மலைக்குப் பின்னால் சூரியன் முழுக்க இறங்கிவிட்டிருந்தது. ஒருவரும் ஒரு வாய் சாப்பிடவில்லை.

"திரும்ப அங்கதான் போவியா?"

"கை கூடுனதும் போவேன்."

ஜெயமாலா மகனைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். கார் தெருமுனை திரும்பியதும் பிரம்மி, "கெடுத்துட்டியே" என்று பஜ்ஜித் தட்டோடு அடுக்களைக்குள் போனாள். தர்மதாஸ் மகளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"தூணு வைக்காம நெம்பியிருந்தா?"

"நாலு பேரும் போயிருப்போம் நைனா."

அவர் அவளுடைய மாவுக்கட்டின் மேல் கையை வைத்தார். நீலாஞ்சனாவுக்கு நெஞ்சு இன்னும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. பயமில்லை. ஓடி முடித்தவளின் படபடப்பு.

ஆரணி போய்ச் சேருவதற்குள்ளேயே போன் வந்துவிட்டது. தர்மதாஸ் ஸ்பீக்கரில் போட்டார்.

"எங்களுக்கு இஷ்டம்தான்" என்றாள் ஜெயமாலா. "ஆனா ஒவ்வொரு வாட்டியும் மேல ஏறி வந்ததும் எனக்குத்தான் மொதல்ல போன் பண்ணணும். இவனுக்கு இல்ல."

பிரம்மி அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள். தர்மதாஸ் மகளைப் பார்த்தார். "நீ இன்னா சொல்ற?"

"அவரு ஒரு தடவ அடியில எறங்கிப் பாக்கட்டும். பர்மிஷன் நான் வாங்கறேன். அப்புறம் சொல்றேன்."

அந்தப் பக்கம் கார் ஓடும் சத்தத்துக்கு நடுவே அஜிதனின் குரல்.

"என் காலு சைஸு பத்து. பூட்ஸு அங்கயே குடுப்பாங்களா, நான் வாங்கிக்கினு வரணுமா?"