தொண்ணூறு நிமிடம் தாங்கும் பெட்டகம்

பெட்டகம் விற்கிறவளுக்கு இந்த ஊரில் ஒரே ஒரு சட்டம்தான். உள்ளே என்ன வைக்கப் போகிறீர்கள் என்று கேட்கக் கூடாது. தரை சிமெண்டா பலகையா, வாசல்படி எத்தனை, தூக்குவதற்கு எத்தனை பேர் வருவார்கள், எதை வேண்டுமானாலும் கேட்கலாம். உள்ளே என்ன என்று மட்டும் கேட்டுவிட்டால் போச்சு. என்னமோ நான் அரசாங்கத்துக்கு வேவு பார்ப்பதுபோலத் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அதனால் நானும் பத்தொன்பது வருஷமாக வாயைப் பொத்திக்கொண்டுதான் வியாபாரம் செய்தேன்.

அதன் பலனைப் பார்க்க வேண்டுமானால் பைன் ரிட்ஜ் தெருவில் ஒரு சனிக்கிழமை நடந்து பாருங்கள். பாதி வீடுகளில் தப்பான பெட்டகம். ஆள் உயரத்துக்குக் கன்னங்கரேலென்று ஒன்று, கதவில் கழுகுப் படம், கப்பல் ஓட்டுகிற சக்கரம் மாதிரி கைப்பிடி. அதைக் கொண்டுபோய்க் கார் ஷெட்டில், பியர் வைக்கிற ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் நிறுத்துவார்கள். பிறகு ஷெட்டுக் கதவை ஏற்றிவிட்டு, தெருவே பார்க்கும்படி அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார்கள். திருடனுக்கு அலைச்சல் மிச்சம். காட்டுத்தீ வந்தால் முதலில் பற்றுவதும் அந்த ஷெட்தான். பெயிண்ட், பெட்ரோல், எண்ணெய்த் துணி என்று எரிகிற சாமானெல்லாம் அங்கேதானே கிடக்கிறது. சொன்னால் கேட்டால்தானே. படுக்கையறையில் வைத்தால் கம்பளம் நசுங்கிவிடுமாம்.

வெண்டல் ஸ்ட்ராவுட் மே மாதத்தில் ஒரு நாள் காலையில் வந்தார். நாற்பது வருஷம் மரலாரி ஓட்டியவர், எழுபது தாண்டிவிட்டது. கூடவே மனைவி லொரெட்டா. மூன்று வருஷத்துக்கு முன்னால் தொண்டையில் புற்றுநோய் வந்து லொரெட்டாவின் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கையில் சிலேட்டு அளவுக்கு ஒரு வெள்ளைப் பலகையும் ஒரு மார்க்கரும் எப்போதும் இருக்கும். குரல்தான் போயிற்று, வாய் போகவில்லை.

வெண்டல் நேராக அந்தக் கழுகுப் பெட்டகத்திடம் போய் நின்றார். நானும் பின்னாலேயே போய், முந்நூறு கிலோ, தொண்ணூறு நிமிடம் தீயில் தாங்கும், ஸ்டிக்கரைப் பாருங்கள் என்று வழக்கமான பாட்டைப் பாடினேன். லொரெட்டா பலகையை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இவன்கிட்ட இருக்கறது ரெண்டு துப்பாக்கி. ஒண்ணு சுடாது. இன்னொண்ணு சுட்டா பக்கத்து வீட்டுக்காரன் மேல படும். அதுக்கு இந்த அரண்மனையா?"

நான் சிரித்துவிட்டேன். வெண்டல் சிரிக்கவில்லை. உள்ளே கையை விட்டு மேல்தட்டைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, வெளியே தீ எரியும்போது உள்ளே எவ்வளவு சூடு ஏறும் என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் ஒருத்தர்கூட என்னிடம் அதைக் கேட்டதில்லை. எல்லோருக்கும் நிமிடக் கணக்குப் போதும்.

முந்நூற்று ஐம்பது டிகிரி ஃபாரன்ஹீட் வரை ஏறலாம், அந்தச் சூட்டில் காகிதம் எரியாது என்றேன்.

"காகிதமா இல்லேன்னா?"

எனக்குள் என்னமோ உறுத்தியது. முந்நூற்று ஐம்பது என்பது அடுப்பில் கேக் வேகிற சூடு. ஆனது ஆகட்டும் என்று என் சட்டத்தை நானே உடைத்தேன்.

"உள்ள என்ன வைக்கப் போறீங்க வெண்டல்?"

வீட்டுப் பத்திரம் என்றார். பத்திரம் காகிதம்தானே என்றேன். இல்லை, துப்பாக்கி என்றார். காதெல்லாம் சிவந்துவிட்டது. லொரெட்டா வேகவேகமாக எழுதி நீட்டினார்.

"படகோட சாவியா இருக்கும். போன ஆகஸ்டுல தீ வந்தப்ப வீட்டை விட்டு ஓடறதுக்குப் பன்னிரண்டு நிமிஷம் குடுத்தாங்க. என்னையும் நாயையும் வண்டியில தூக்கிப் போட்டான். பாதி வழியில நிறுத்திட்டு ஸ்டியரிங்ல தலைய வச்சு அழுதான். எதுக்குன்னு நினைக்கற? படகை விட்டுட்டு வந்துட்டானாம்."

தீ அவர்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி நின்றுவிட்டது, படகுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த அழுகையை வைத்து லொரெட்டா மனிதரை ஒன்பது மாதமாக ஓட்டிக்கொண்டிருந்தது ஊருக்கே தெரியும். கடைத்தெருவில் இவரைப் பார்த்தால், படகு சௌக்கியமா என்று விசாரிக்கிறவர்கள்கூட உண்டு.

"படகுக்கு அழல," என்றார் வெண்டல், என்னைப் பார்த்து. மனைவியைப் பார்க்கவில்லை. "போன்ல நாம இல்லாதப்ப பேசறதைப் பதிஞ்சு வைக்குமே, அந்த மெஷினோட கேசட். இருபத்திரண்டு இருக்கு. அத்தனையிலும் இவதான். மறந்து விட்டுட்டு வந்துட்டேன்."

லொரெட்டாவின் கையிலிருந்த மார்க்கர் பலகை மேல் அப்படியே நின்றது. அந்த கேசட்டுகளை வெண்டல் வைத்திருப்பதே லொரெட்டாவுக்குத் தெரியாது. சலவை இயந்திரத்துக்குப் பின்னால், ஒரு பூட்ஸ் பெட்டியில் ஒளித்து வைத்திருக்கிறாராம்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்ல என்ன வெட்கம். கூடவே என் மேலேயே எரிச்சலும் வந்தது. இன்னும் கால் மணி நேரம் போயிருந்தால் அந்தக் கழுகை இவர் தலையில் கட்டி அனுப்பியிருப்பேன். அடுத்த தீயில் பத்திரமெல்லாம் பத்திரமாக இருந்திருக்கும், கேசட் இருபத்திரண்டும் கூழாகியிருக்கும். இந்த மனிதர் திறந்து பார்த்துவிட்டு அன்றைக்கே செத்துப்போயிருப்பார்.

"மூடுங்க அந்தக் கதவை," என்றேன். "நூற்று இருபத்தஞ்சு தாண்டினா கேசட் தாங்காது. நீங்க பின்னால வாங்க."

கடைக் கோடியில் சாம்பல் நிறத்தில் ஒன்று கிடந்தது. படச்சுருளும் ஒலிநாடாவும் வைப்பதற்கென்றே செய்தது. பெட்டிக்குள் பெட்டி, சாண் கனத்துக்குச் சுவர், உள்ளே ஒரு பூட்ஸ் பெட்டிக்குத்தான் இடம். பார்க்கச் சகிக்காது. நான்கு வருஷமாக அதன் மேல் காபிக் கோப்பைதான் வைத்துக்கொண்டிருந்தேன். வெண்டல் குனிந்து, கையால் அளந்து பார்த்துத் தலையாட்டினார்.

எதற்கும் ஒரு நகல் எடுத்து வேறு இடத்தில் வையுங்கள் என்றேன். எடுப்பதற்கு யாரிடமாவது கொடுக்க வேண்டுமே, கேட்கிறவன் தன் மானத்தை வாங்கிவிடுவான், அத்தனையும் வசவுதான் என்றார் வெண்டல். ஒரே ஒரு கேசட் மட்டும் இன்றைக்கு வண்டியில் இருப்பதாகச் சொன்னார். ஊருக்குள் தனியாக வரும்போது போட்டுக் கேட்பாராம்.

லொரெட்டா அவர் முழங்கையில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டு வாசலைக் காட்டினார்.

வண்டி அந்தக் காலத்து ஃபோர்டு. என்னை யாரும் கூப்பிடவில்லை, நான்தான் வெட்கமில்லாமல் போய் ஜன்னலில் சாய்ந்துகொண்டேன். வெண்டல் கேசட்டை உள்ளே தள்ளினார். கொஞ்ச நேரம் இரைச்சல், ஒரு பீப் சத்தம். பின்னால் தட்டு கழுவுகிற ஓசை. லொரெட்டா அப்போது பள்ளிக்கூடச் சமையற்கட்டில் வேலை பார்த்தார்.

"யோவ் வெண்டல், எடு. நீ வீட்டுலதான் இருக்கேன்னு எனக்குத் தெரியும். சோபால மல்லாந்து கிடப்ப. அடுப்புல பீன்ஸ் வச்சுட்டு வந்திருக்கேன், அணைக்க மறந்துட்டேன். எடுய்யா. கருகிச்சுன்னா மூணு நாளைக்கு அதையேதான் நீ தின்னணும், சொல்லிட்டேன். எடு. ...சரி, தொலை. மழை வர மாதிரி இருக்கு, துணியை உள்ள எடுத்துப் போடு. வந்துடறேன்."

கேசட் நின்றது. மூன்று வருஷமாகக் கேட்காத அந்தக் குரலைக் கேட்டுவிட்டு லொரெட்டா அசையாமல் உட்கார்ந்திருந்தார். வெண்டல் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார், திட்டு வாங்கப் போகிறவர்போல. கடைசியில் மார்க்கர் கிறீச்சிட்டது. ஒரே ஒரு வார்த்தை.

"கருகிச்சா?"

"அடியோட," என்றார் வெண்டல். "மூணு நாளும் தின்னேன்."

லொரெட்டாவின் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று ஜன்னலில் நின்ற எனக்குத் தெரியவில்லை. அந்தச் சாம்பல் பெட்டிக்குச் சீட்டு எழுதிவிடு மார்லா என்று என்னிடம் சொல்லிவிட்டு, வெண்டல் கேசட்டை எடுக்கக் கையை நீட்டினார். லொரெட்டா அந்தக் கையைத் தட்டிவிட்டு, ரீவைண்ட் பொத்தானை அழுத்தினார்.