சாட்டைக்காரன் வீடு

கொள்ளுத்தாத்தா வெள்ளைக்காரத் துரையின் கையை வெட்டிவிட்டுத் தீவாந்தரம் போனவர். அந்தப் பெயரில்தான் அவள் குடும்பம் இத்தனை காலமும் நெஞ்சை நிமிர்த்தி நடந்தது. தெருவில் அவர்கள் வீட்டுக்குப் பெயரே தியாகி வீடு. அண்ணன் கவுன்சிலர் ஆனதுகூட அவன் சாமர்த்தியத்தால் அல்ல, கொள்ளுத்தாத்தா புண்ணியத்தால்.

முச்சந்தியில் அவருக்குச் சிலை வைப்பதென்று முடிவானபோது சிற்பி முகத்துக்குப் படம் கேட்டார். வீட்டில் ஒன்றும் இல்லை. தீவில் அவர் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டார் என்று வீட்டில் அரசல்புரசலாகப் பேச்சு உண்டு. அங்கே யாராவது இருந்தால் ஒரு படம் வாங்கி வா என்று அண்ணன் தங்கையை அனுப்பினான். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள் அவள். லீவு போட்டுவிட்டுக் கப்பல் ஏறினாள்.

துறைமுகத்தில் துரையின் கையை வெட்டிய கைதி என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் மரம் அறுக்கும் மில் வாசலில் இருந்த கிழட்டு வாட்ச்மேனிடம் பெயரைச் சொன்னாள். அவர் முகம் சுண்டிவிட்டது.

"சாட்டைக்காரன் வீடா? கடைசி வீடு" என்றவர், அதற்குமேல் அவளைப் பார்க்கவில்லை.

கடைசி வீட்டு முற்றத்தில் ஒருவர் படகு எஞ்சினைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். கொள்ளுத்தாத்தாவின் பேரன், அவளுக்குச் சித்தப்பா முறை. கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலி எடுத்துப் போட்டார். ஏன் அந்தப் பெயர் என்று அவள் கேட்டதும் மறைக்காமல் சொன்னார். கைதிகளிலேயே சொன்னபடி கேட்கிறவர்களைப் பொறுக்கிக் காவலுக்கு வைப்பார்களாம். தாத்தா சாட்டையை வாங்கிக்கொண்டார். அதற்குக் கூலி தனிக் குடிசை, வயிறாரச் சோறு, கல்யாணம் செய்துகொள்ள அனுமதி. விடுதலையான பிறகும் ஊர் திரும்பவில்லை.

"துரையை வெட்டினதும் நிஜம்தான்மா. அங்க நீங்க தியாகி வீடு, இங்க நாங்க சாட்டைக்காரன் வீடு. ரெண்டும் ஒரே ஆளு. மர மில்லு வாட்ச்மேனைப் பாத்திருப்பியே? அவரோட தாத்தா செத்தது எங்க தாத்தா அடிச்ச அடியிலதான். இன்னிக்கு வரைக்கும் எங்க வீட்டுல பொண்ணு கொடுக்கவும் ஆளில்ல, எடுக்கவும் ஆளில்ல."

படம் இருந்தது. காவல் உடுப்பில், இடுப்பில் பட்டையோடு, விறைப்பாக நின்றார் கொள்ளுத்தாத்தா.

ஊர் திரும்பி எல்லாவற்றையும் அண்ணனிடம் கொட்டினாள். அவன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்: "வெட்டினாரா இல்லையா? அது போதும். மத்ததை முழுங்கிடு." சிற்பி படத்திலிருந்து முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டார், உடுப்புக்குப் பதில் சங்கிலி பூட்டினார்.

திறப்பு விழாவுக்குச் சித்தப்பாவையும் அண்ணன் அழைத்தான். தீவிலிருந்து நேர் பேரன் வந்தால் மேடைக்குக் களை கூடுமாம். அவர் வரமாட்டார் என்றே அவள் நினைத்தாள். வந்தால் மைக் முன்னால் நின்று உண்மையைப் போட்டு உடைக்கட்டும் என்று உள்ளுக்குள் ஒரு ஆசையும் இருந்தது.

அவர் வந்தார், மடிப்புக் கலையாத புதுச்சட்டையில்.

"எங்க தாத்தா கடைசி வரைக்கும் யாருக்கும் தலை குனியல. சங்கிலியோடதான் செத்தாரு" என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

மேடைக்குப் பின்னால் அவரை மடக்கினாள்.

"ஏன் சித்தப்பா இப்படிப் பேசினீங்க? உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும்மா. பொறந்ததுலேருந்து அதைத்தான் தின்னுட்டிருக்கேன். ஒரு நாளாவது தியாகி பேரனா நின்னுக்கறேனே."

ஆனால் வாட்ச்மேனின் சுண்டிப்போன முகம் அவளை விடவில்லை.

"அடிபட்டுச் செத்தாரே, வாட்ச்மேனோட தாத்தா. அவரு பேரு என்ன?"

அவர் யோசித்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"தெரியலையேம்மா. எங்க வீட்டுல யாரும் சொன்னதில்ல."

அதற்குள் அண்ணன் போட்டோவுக்குக் கூப்பிட்டான். சித்தப்பா பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையைச் சீவிக்கொண்டு, சிலைக்குப் பக்கத்தில் போய் நின்றார்.