சகுனத்துக்கு வந்தவள்

"வண்டி தெருமுனை திரும்புற வரைக்கும் அடுப்படியை விட்டு வெளிய வந்துறாதே," என்றார் ராமாமிர்தம். மகளின் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, சட்டினிக் கிண்ணத்தைப் பார்த்துச் சொன்னார்.

"சரிப்பா," என்றாள் அன்னலட்சுமி. புருஷன் இறந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பிய நாளிலிருந்து அவள் அதிகம் சொன்ன வார்த்தை அதுதான். சொல்லிச் சொல்லி அவளுக்கே அலுத்துவிட்டது.

பதுளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த ராமாமிர்தத்துக்கு அன்று தலைகால் புரியவில்லை. மகன் சுந்தரலிங்கம் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரியில் படிக்கிறான். புதிய கல்வியாண்டு தொடங்குகிறது. பதுளைக்குப் புதிதாக வந்திருக்கும் ரயிலில் இன்று காலை புறப்படுகிறான். வழியனுப்ப வந்த கடைக்காரர்கள் முன்கூடத்தில் இட்லியைப் பிட்டுப் போட்டுக்கொண்டிருக்க, அவன் கல்லூரியின் பெருமைகளை எடுத்துவிட்டுக்கொண்டிருந்தான். இலண்டன் பரீட்சையில் இத்தனை பேர் தேறியது இதுதான் முதல் தடவையாம். விஞ்ஞானத்துக்குத் தனிக் கூடம் வந்துவிட்டதாம். பெண்களும் அதே மண்டபத்தில் உட்கார்ந்து பாடம் கேட்கிறார்களாம். பௌதிகத்தில் பதக்கம் வாங்கியவன் யார் என்பதை அவன் சொல்லத் தேவையில்லை, அது சட்டையிலேயே குத்தியிருந்தது.

"எதையும் சோதிச்சுப் பாத்து, காரணம் தெரிஞ்ச பிறகுதான் நம்பணும். எங்க காலேஜில முதல்ல சொல்லிக் குடுக்கிறதே அதுதான்," என்றான்.

"அப்படிச் சொல்லுங்க தம்பி," என்று பலசரக்குக் கடை முத்தையா ஏப்பம் விட்டார்.

அடுப்படியில் நின்று கேட்ட அன்னலட்சுமிக்குப் பெருமையாகத்தான் இருந்தது. தாயில்லாத அந்தப் பிள்ளையை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அவள். இந்த இட்லியும் அவள் கையால் அவித்ததுதான். அவள் கை அந்த வீட்டுக்கு வேண்டும், முகம் மட்டும் ஆகாது. தம்பி புறப்படும்போது வாசலில் நின்று ஒரு தடவையாவது கண்ணாரப் பார்த்து அனுப்ப வேண்டும் என்பது அவள் ஆசை. ஒவ்வொரு வருஷமும் வண்டிச் சத்தத்தைக் கேட்டுத்தான் அனுப்பிவைத்தாள்.

சுந்தரலிங்கம் உள்ளே வந்தான். "அக்கா, கொஞ்ச நேரம் இங்கயே இருங்க. எனக்கு இதுல நம்பிக்கை கிடையாது. அப்பா மனசு நோகக் கூடாதுல்ல."

தன் மனசைப் பற்றி அவள் கேட்கவில்லை. "ஊறுகாய்ப் போத்தலை நிமித்தி வைப்பா, எண்ணெய் வடியும்," என்றாள்.

அவன் போனதும் கொல்லைக் கதவடியில் குடத்தை இறக்கிவைக்கும் சத்தம் கேட்டது. பெரியாயி வந்திருந்தாள். லுணுகலைத் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பை விட்டு வந்து, இந்தத் தெருக் கடைகளுக்கு விடியற்காலையில் தண்ணீர் எடுத்துப் பிழைப்பவள். சுந்தரலிங்கம் புறப்படும்போதெல்லாம் குங்குமமும் நிறைகுடமுமாக வண்டிக்கு எதிரே நடந்து வருவது அவள் பொறுப்பு. அவன் பதக்கத்தோடு திரும்பியதற்கு அவளுடைய சகுனமே காரணம் என்று ராமாமிர்தம் புதுச்சேலை கூட எடுத்துக் கொடுத்திருந்தார்.

இன்று அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"வயித்துவலின்னு அய்யாகிட்ட சொல்லிருங்கம்மா. என்னால முடியல."

"என்ன ஆச்சு பெரியாயி?"

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். "ஊருக்குப் போன என் வீட்டுக்காரரு அங்கயே வாந்திபேதியில போயிட்டாரும்மா. ரெண்டு வருசமாச்சு. போன வருசம் நான் எதுக்க வந்தப்பவே அவரு இல்ல."

அன்னலட்சுமியின் கண் அவள் கழுத்துக் கயிற்றுக்குப் போயிற்று.

"இதைக் கழட்டுனா விடியக்காலம் எந்தக் கடைக்காரரு என் மூஞ்சியில முழிப்பாரு? தண்ணி வேலை போயிரும். ஆனா தம்பி நல்ல புள்ளம்மா. அதுக்கு என்னால ஒண்ணு ஆயிட்டா, நான் தாங்க மாட்டேன்."

அன்னலட்சுமிக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு ஆத்திரம் வந்தது. இத்தனை வருஷமாகச் சேர்ந்திருந்த ஆத்திரம். குனிந்து குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்துச் சந்து வழியாகத் தெருவுக்குப் போனாள்.

வண்டி அப்போதுதான் நகர்ந்திருந்தது. வெள்ளைச் சேலையோடு அவள் எதிரே வருவதைக் கண்டதும் வண்டிக்காரன் மாட்டை இழுத்துப் பிடித்தான். ராமாமிர்தம் வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி ஏசினார். அவள் காதில் அது ஏறவில்லை. தம்பி என்ன சொல்லப் போகிறான் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் அவளைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான். "ரயிலுக்கு நேரம் இருக்குப்பா. செத்த உள்ள உக்காந்து, தண்ணி குடிச்சிட்டுப் புறப்படுறேன்," என்று வண்டியை விட்டு இறங்கினான்.

அன்னலட்சுமிக்குக் குடம் திடீரென்று கனத்தது.

"போன வருசம் பெரியாயி எதுக்க வந்தா, மெடலோட வந்தான். கண்ணால கண்டதுதானே. எங்கே அவ?" என்று ராமாமிர்தம் இரைந்தார். திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த சுந்தரலிங்கம் ஆமாம் என்று தலையாட்டினான்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும், அத்தனை பேர் முகத்திலும் கரி பூசிவிடலாம். ஆனால் சந்து முனையில் பெரியாயி கழுத்துக் கயிற்றைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள். அன்னலட்சுமி வார்த்தையை விழுங்கினாள். போய்க் குடத்தை அவள் இடுப்பில் வைத்தாள்.

"நீயே போ. போன வருசம் அவனுக்கு ஒண்ணும் ஆகலயே," என்றாள் மெதுவாக.

வண்டி மறுபடி நகர்ந்தது. பெரியாயி எதிரே வந்தாள். குடத்து நீர் தளும்பி அவள் புதுச்சேலையை நனைத்தது.

"பூரண சுமங்கலி. இனி ஒரு குறையும் வராது," என்றார் முத்தையா.

பௌதிகத்தில் பதக்கம் வாங்கியவன் வண்டியிலிருந்தபடியே அவளைப் பார்த்துக் கைகூப்பினான்.

"இன்னும் என்ன வாசல்ல நிக்கிறே? உள்ள போ," என்றார் ராமாமிர்தம்.

அன்னலட்சுமி நகரவில்லை.

"வண்டி தெருமுனை திரும்பட்டும்பா," என்றாள்.